ரம்பம் இழுக்கும் விரியன்

கேள்வி: சீமைக்கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போகிறவர்கள் எந்தப் பாம்புக்கு அதிகம் பயப்பட வேண்டும்? (வாசகர், காரியாபட்டி)

பதில்: ஆள் உயரம் வளரும் சாரைக்கு அல்ல, அதற்கு விஷமே கிடையாது. பெரும்பாலும் ஒரு முழம்கூட இராத சுருட்டை விரியனுக்குத்தான். முள்ளும் வறண்ட மண்ணும் அதற்குப் பிடித்த வீடு. மண் நிறத்திலேயே கிடப்பதால் கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது. உடம்பைச் சுருட்டிச் செதில்களை உரசினால் ரம்பம் இழுப்பது போலச் சத்தம் வரும். கையை நீட்டுமுன் கம்பால் ஒரு தட்டு தட்டுங்கள்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். இரவில் வந்து, தரையில் படுத்தவரைக் கடிக்கும். வலி தெரியாமலே போகலாம். கட்டிலும் கொசுவலையும் பெரிய காவல்.

கடித்துவிட்டால் காப்பாற்றும் மருந்துக்குப் பாம்பின் விஷமே வேண்டும். அதை எடுக்க மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பிடித்த பாம்பைக் கொல்வதில்லை. விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது எவ்வளவு நியாயம்!

அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றித்தான் மருந்து தயாராகிறது. மேலே சொன்ன சுருட்டை விரியன், கட்டுவிரியன், இவற்றோடு நல்லபாம்பு, கண்ணாடி விரியன் என நான்குக்கும் ஒரே மருந்து. ஆகவே பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.