உயிர்ப்புக்கு ஒத்திகை இல்லை

தபசு காலம் 40 நாள் என்பது திருச்சபையின் கணக்கு. மன்னாரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பவருக்கு அது தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு நிற்கும்போதே அதிபர் கூப்பிட்டு, "இந்த முறை திருப்பாடுகளின் நாடகம் உங்கட பொறுப்பு சேர்" என்று சொல்லிவிடுவார். மறுக்க வழியில்லை. இலங்கையில் சனத்தொகையில் கத்தோலிக்கரின் பங்கு மிகக் கூடிய மாவட்டம் இது. இங்கே ஒரு பள்ளிக்கூடம் நாடகம் போடாமல் தபசு காலத்தைக் கழித்தால் கோவில் மூப்பரிலிருந்து மீன் சந்தை வரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

செலவை யார் தருவது என்பது அடுத்த சிக்கல். மிஷன் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகையில் புனிதர் அப்படியே இருக்கிறார், சம்பளம் அரசாங்கத்தினுடையது. ஆகவே மேடை விளக்குக்குக் காசு கேட்டால் ஒரு பக்கத்தார் புனிதரைக் காட்டுவார்கள், மறுபக்கத்தார் அரசாங்கத்தைக் காட்டுவார்கள். கடைசியில் கனடாவில் இருக்கும் பழைய மாணவர் யாராவது ஒருவர், தான் ஒருகாலத்தில் மூன்றாவது போர்வீரனாக நடித்ததை நினைத்து உருகிக் காசு அனுப்புவார்.

நடிகர் தெரிவில் முதலில் நிரம்புவது உரோமைப் போர்வீரர் பட்டியல்தான். ஈட்டி கிடைக்கும், சாட்டை கிடைக்கும், ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாணவர் தலைவனை அடிக்கலாம். தலைக்கவசத்துக்குக் கொண்டை வேண்டும் என்று வகுப்பறைத் தும்புத்தடிகளின் தலையெல்லாம் காணாமல் போய்விடும். யூதாசுக்குத்தான் ஆள் பிடிக்க முடியாது. முப்பது வெள்ளிக்காசும் ஒரு முத்தமும் சில நிமிட வேலை. ஆனால் பெயர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் யூதாசாக நடித்த ஒருவர் இன்று கடன் கொடுக்கிற இடத்தில் இருக்கிறார். கடன் கிடைக்காமல் திரும்புகிற பழைய மாணவர்களுக்குத் திட்டுவதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

இயேசுவாக நடிக்கிறவனுக்குத் தலைமயிர்தான் பாடு. இரண்டு மாதம் வளர்க்கச் சொல்லி நாங்கள் அனுமதி கொடுப்போம். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் காலையில் வாசலில் கத்திரிக்கோலோடு நிற்பார். அவருக்குப் பொந்தியு பிலாத்துவைவிட அதிகாரம் கூட. ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில் எங்கள் ஆண்டவர் பள்ளிக்கூட ஒழுங்குப்படி ஒட்ட வெட்டிய தலைக்கு மேல் தென்னந்தும்பு கட்டிக்கொண்டுதான் பாடுபட்டார்.

பிலாத்துவாக ஒரு சைவப் பிள்ளை நடிப்பான். உச்சரிப்புத் திருத்தமாக இருக்கும். வில்லுப்பாட்டில் பழகிய குரல். முக்கியமான போர்வீரன் முஸ்லிம் பையன். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் போருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பியபோது, புத்தளத்தில் பிறந்து புத்தளத்துப் பேச்சோடு வந்த பிள்ளைகளும் எங்கள் வாங்குகளில் உட்கார்ந்தார்கள். சமய பாட நேரத்தில் கத்தோலிக்கம் ஒரு வேப்பமரத்தடி, சைவநெறி மண்டபத்தின் மூலை, இஸ்லாம் நூலகம் என்று பிரிந்து போவார்கள். மணியடித்ததும் எல்லாரும் சேர்ந்து வந்து இயேசுவைச் சிலுவையில் அறைவார்கள்.

2023இலும் 2024இலும் தபசும் ரமழானும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. கன்ரீன்காரர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இருந்தார். விடியலுக்கு முன் தண்ணீர் குடித்தவன், மாலை வரைக்கும் எச்சிலைக்கூடக் கவனமாக விழுங்குகிறவன், பக்கத்து வாங்கில் இருந்த எங்கள் பிள்ளையைப் பார்த்து மரியாதையோடு கேட்டான்: "நீ எதை விட்டிருக்கிறாய்?" எங்கள் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "டொபி."

நாட்காட்டியின் குறும்பு உச்சத்துக்குப் போனது 2018இல். பெப்ரவரி 13 சிவராத்திரி. திருக்கேதீச்சரத்தில் இரவு முழுவதும் விழித்த பிள்ளைகள் அடுத்த நாள் நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார்கள். அந்த அடுத்த நாள் விபூதிப் புதன். எங்கள் பிள்ளைகள் காலைப் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தார்கள். அதே நாள் காதலர் தினம் என்பதால், எந்தச் சமயத்தையும் சேராத ஒரு சிவப்பு ரோசாவும் உயர்தர வகுப்புப் பக்கம் நடமாடியது. காலைக் கூட்டத்தில் யார் சைவம், யார் வேதம், யார் காதல் என்று கண்டுபிடிக்க ஒரு ஆசிரியராலும் முடியவில்லை. அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு வந்தது ஏப்ரல் முதலாம் திகதி. ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று ஓடிவந்து சொன்ன பெண்களைச் சீடர்கள் நம்பவில்லை என்று நற்செய்தி சொல்கிறது. அன்று எங்கள் ஊரில் காலையில் யார் என்ன சொல்லியும் யாரும் நம்பவில்லை. போதாததற்குப் பெரிய சனிக்கிழமை போயா தினம். பெரிய வெள்ளியில் நாங்கள் இறைச்சி தின்னமாட்டோம், போயாவில் கடைக்காரர் விற்கக்கூடாது. உயிர்ப்பு விருந்துக்கு வியாழக்கிழமையே வாங்கி, குளிர்சாதனப்பெட்டி உள்ள வீடுகளைத் தேடி அலைந்தோம். அந்த மூன்று நாளில் எங்கள் தெருவில் வளர்ந்த அயலவர் அன்பு, எந்தத் தியானத்திலும் வளர்ந்ததில்லை.

கழுதையைப் பற்றிச் சொல்லாமல் போனால் மன்னார் என்னை மன்னிக்காது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து விட்டவற்றின் பரம்பரை என்று சொல்கிறார்கள். பஸ் நிலையத்தில், கடைவாசலில், நடுவீதியில் எல்லாம் நிற்கும். வாகனத்தில் வருகிறவர்தான் சுற்றிப் போக வேண்டும். குருத்தோலை ஊர்வலத்துக்கு உண்மையான கழுதை வேண்டும் என்று மறைக்கல்வி ரீச்சர் ஒருமுறை ஒற்றைக்காலில் நின்றார். இதுவரை யாரும் ஏறாத குட்டியாக இருக்க வேண்டும் என்பது மாற்கு வைக்கிற நிபந்தனை. மன்னாரில் எந்தக் கழுதையும் இதில் தேறிவிடும். லொறி வந்த காலத்திலிருந்து அவற்றின் முதுகில் காகம் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. முதுகில் கறுப்பாக ஓடும் சிலுவைக் குறியும் இருந்தது. ரீச்சர் அதைத் தடவிக் காட்டிக் கண்கலங்கினார். கழுதை கலங்கவில்லை. பாண் காட்டியதும் நாலடி வந்தது; பாண் முடிந்ததும் நின்றது. ஓசன்னா பாடினோம், காதை ஆட்டியது. மூப்பர் கையில் சிலுவையாகப் பின்னி வைத்திருந்த குருத்தோலையை நிதானமாக, அடியிலிருந்து நுனிவரை மென்று தின்றது. பின்னாலிருந்து தள்ளப் போன பையன்களை, அந்த வழியாக வந்த ஓட்டோக்கார நானா தடுத்தார்: "தள்ளாதீங்க தம்பி, உதைச்சுப் போடும். ஏறுங்க, நான் கொண்டுபோய் விடுறன்." அந்த ஆண்டு ஆண்டவர் எருசலேமுக்குள் ஓட்டோவில் நுழைந்தார். நானா காசு வாங்கவில்லை.

நாடகத்துக்கு வருகிறேன். மேடை வலைப்பந்தாட்டத் திடல். சிலுவை பனஞ்சலாகையில் செய்தது, நாலு பேர் தூக்க வேண்டும். இரத்தத்துக்குக் குங்குமம் கரைத்தால் மின்வெளிச்சத்தில் மங்குகிறது என்று மனையியல் ரீச்சர் ஒரு புது முறை கண்டுபிடித்தார்: சிவப்புச் சர்பத்தைச் சீனிப்பாகில் காய்ச்சி, கெட்டியாக இறக்கி, தூரிகையால் பூசுவது. முதல் வரிசையில் இருந்தவர்களுக்குப் பார்க்கவே மயிர் கூச்செறிந்தது. சிலுவையை நட்டு, பையனைக் கட்டி நிமிர்த்தினோம். ஒலிவாங்கி வேலை செய்தது. எல்லாம் சரி. சலாகையை மூன்று நாள் வேப்பமரத்தில் சாத்தி வைத்திருந்ததும், அதன் வெடிப்புக்குள் ஒரு எறும்புக் குடும்பம் குடியேறியிருந்ததும் யாருக்கும் தெரியாது. பாகின் வாசனை எட்டிய உடனே அவை வரிசையாக வெளியே வந்தன. கைகள் கட்டப்பட்ட நிலையில் பையன் முதலில் தோளை அசைத்தான். பிறகு இடுப்பை நெளித்தான். தாகம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் என்னைப் பார்த்து, "சேர்... எறும்பு" என்று முனகினான். சனம் அதைக் கேட்கவில்லை. அதற்குள் முன்வரிசை அம்மாமார் மாரில் அடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு தத்ரூபமான வேதனையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று சுவாமியார் மேடையேறிப் பாராட்டினார். பையன் வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தவன், வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வெகுநேரம் எழும்பவில்லையாம்.

பேசாலையில் உருவங்களை வைத்துத் திருப்பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸ் நடத்திய முன்னோர்களின் கெட்டித்தனம் அன்றுதான் எனக்கு விளங்கியது. உருவத்தை எறும்பு கடிக்காது. யாரும் வாசலில் நின்று மயிர் வெட்டமாட்டார்கள்.

இவ்வளவும் வெள்ளிக்கிழமையின் கதை. உயிர்ப்புக் காட்சி என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு நிமிடம். கல்லறைக் கதவு மட்டையால் செய்தது, திறக்கவில்லை. போர்வீரனே உதைத்துத் திறந்தான். புதுநன்மை உடுப்பு இறுக்கிப் பிடித்த வானதூதர் இருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். உயிர்த்தவருக்கு ஒரு வசனமும் இல்லை. கையைத் தூக்கினார், பட்டாசு வெடித்தது, தலைமன்னார்ப் பக்கம் போகிற சனம் அதற்குள்ளேயே பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டது. ஒத்திகை மூன்று மாதம் நடந்தது. அதில் இந்தக் காட்சிக்கு ஒரு மாலைகூட ஒதுக்கவில்லை. நான் பார்த்த பள்ளிக்கூட நாடகம் எல்லாவற்றிலும் இதே கதைதான். சாவுக்கு அலங்காரம் செய்யத் தெரிந்த அளவுக்கு எங்களுக்கு உயிர்ப்பை வரவேற்கத் தெரியாது.

இதற்குக் காரணமும் இருக்கிறது. பாடுகள் எங்களுக்குப் பரம்பரைப் பாடம். 1544இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆட்கள் வந்து புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொன்றார்கள். ஏறக்குறைய 600 பேர் என்பார்கள். தோட்டவெளியில் அவர்களுக்கு ஆலயம் இருக்கிறது. ஒல்லாந்தர் குருமாரைத் தடைசெய்த காலத்தில் கோவாவிலிருந்து ஒளித்து வந்து உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தந்த வியாகுலப் பிரசங்கத்தை ஏறக்குறைய முன்னூறு ஆண்டு ஆகியும் தபசு காலத்தில் இழுத்து இழுத்து வாசிக்கிறோம். போரில் சனம் மடுவுக்கு ஓடியது. 1999 நவம்பரில் மடுக் கோவிலுக்குள்ளேயே ஷெல் விழுந்தது. 2008 ஏப்ரலில் மடு மாதாவே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தா. பெரிய வெள்ளி எங்களுக்கு நடிக்காமலே வரும். கிடைத்த ஒரு ஞாயிற்றையும் 2019 ஏப்ரல் 21 வெள்ளியாக்கிவிட்டது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன்: காலைப் பூசைக்கும் ஆராதனைக்கும் போனவர்கள் பலர் தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் சிக்கித் திரும்பி வரவில்லை. மே மாதம் பள்ளிக்கூடங்கள் தொடங்கியபோது பெற்றோர் வாசலில் நின்று புத்தகப்பைகளைத் திறந்து பார்த்தார்கள். போர்வீரனாக நடித்த முஸ்லிம் பையனின் பையைப் பார்க்கிற முறை வந்தபோது, வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற எங்கள் பிலாத்து தன் பையையும் திறந்து முன்னால் நீட்டினான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எங்களுக்கு உயிர்ப்புக் காட்சி இல்லாமல் இல்லை. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்தவர் செய்த வேலை என்ன? விடியற்காலை கடற்கரையில் தணல் மூட்டி, மீன் சுட்டு, இரவு முழுவதும் வெறும் வலை இழுத்து வந்த தொழிலாளிகளைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். வலையில் விழுந்த மீன் 153 என்று எண்ணிக்கையும் இருக்கிறது. இதை நான் ஒருமுறை வாசித்தபோது ஒரு பையனின் தகப்பன் கேட்ட முதல் கேள்வி: "என்ன மீன் சேர், பாரையா விளையா?" பிறகு, அவ்வளவு மீன் விழுந்தும் வலை கிழியவில்லை என்கிற இடம் வந்தது. அதற்கு அவர் சிரித்தார். "அப்ப அந்தக் கடலுக்கு இந்திய இழுவைப் படகு வரேல்லப் போல" என்றார்.

அடுத்த ஆண்டு நாடகம் போடப்போகிற மன்னார் ஆசிரியர்களே, இப்போதே சொல்லி வைக்கிறேன். ஒத்திகையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பனஞ்சலாகை வேண்டாம், சர்பத் வேண்டாம், யூதாசுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். பிள்ளைகளின் தகப்பன்மாரையே கூப்பிடுங்கள். வலை இழுக்க அவர்களுக்கு நீங்கள் பழக்க வேண்டியதில்லை. பிலாத்துவுக்கும் போர்வீரனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் போடுங்கள். நாலு தென்னம்மட்டையும் ஒரு கூடை பாரையும் இருந்தால் போதும். எறும்பு பற்றிக் கவலை வேண்டாம், மீன் மிஞ்சாது.