காத்துக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களாங்ணா?

(கோவை அவினாசி ரோட்டிலிருந்து சந்துக்குள் ஒரு ஒர்க் ஷாப். உள்ளே ஒரு பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.: 1.8 லிட்டர், டர்போ, 150 குதிரைத்திறன். 2004-இல் இங்கே விற்பனைக்கு வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்த வண்டி. இன்றும் திரும்பிப் பார்க்கிறார்கள், புகையால். தம்பி கையில் சாவி, அண்ணன் மடியில் லேப்டாப்.)

தம்பி: இன்ஜெக்டர் மாத்திட்டனுங்ணா. பழசு முந்நூத்திச் சொச்சம் சி.சி., புதுசு 630. நீங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டினா 300 குதிரை வந்துரும்.

அண்ணன்: எங்கிருந்துங்க தம்பி வரும்?

தம்பி: இன்ஜெக்டர் ரெண்டு மடங்குங்களே. 150-ஐ ரெண்டால பெருக்குங்க.

அண்ணன்: டர்போ மாத்துனீங்களா?

தம்பி: இல்லீங்ணா.

அண்ணன்: இன்டர்கூலர்?

தம்பி: அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறனுங்க.

அண்ணன்: அப்பக் காத்து அதே பழைய அளவுதான். ஒரு கிராம் பெட்ரோல் சரியா எரிய 14.7 கிராம் காத்து வேணும். இப்ப பங்க்ல ஊத்தறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதுக்குப் பதிமூணரை கிட்ட. காத்தைக் கூட்டாம இன்ஜெக்டரை மட்டும் பெருசாக்கறது, ஒரே இலையைப் போட்டு உக்காத்தி வெச்சுட்டு அண்டாவைக் கவுக்கற மாதிரிங்க.

தம்பி: காத்துக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களாங்ணா? அது சும்மா கிடைக்குது.

(இந்த நாட்டில் இன்ஜின்கள் சாகக் காரணமான வாக்கியங்களைத் தொகுத்தால், இதற்கு முதல் பக்கத்தில் இடம் உண்டு.)

அண்ணன்: சரி விடுங்க. அந்த 630 எந்த அழுத்தத்துல அளந்தது?

தம்பி: அளவு அளவுதானுங்களே?

அண்ணன்: 4 பார்ல அளந்ததை உங்க வண்டியில 3 பார்ல ஓட்டினா 545 தான் ஊத்தும்.

தம்பி: 85 சி.சி. அடிச்சுட்டானுங்களா! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாமுங்களா?

அண்ணன்: அவங்க ஏமாத்தலீங்க, நீங்க கேக்கலை. அடுத்தது, கரண்ட் குடுத்த உடனே இன்ஜெக்டர் தெறந்துராது. 14 வோல்ட்ல சுமார் ஒரு மில்லிசெகண்ட் வீணாப் போகும், பேட்டரி டவுன் ஆக ஆக அது நீளும். எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு தாமதம்னு கம்ப்யூட்டர்ல எழுதணும். உங்க வண்டியில இருக்கற பாஷ் எம்.ஈ.7-ல அந்த அட்டவணைக்கு டி.வி.யு.பி.ன்னு பேரு. இன்ஜெக்டர் அளவுக்குத் தனியா ஒரு எண்ணு, கே.ஆர்.கே.டி.ஈ. இன்ஜெக்டர் ரெண்டு மடங்கானா அது பாதியாகணும். தாமத அட்டவணை கொண்டாந்திருக்கறீங்களா?

தம்பி: டப்பாக்குள்ள ஒரு கீ-செயின்தானுங்க இருந்துது.

அண்ணன்: அதான் ஐடில்ல இருமுது. ஐடில்ல இன்ஜெக்டர் தெறக்கற நேரமே ரெண்டு மூணு மில்லிசெகண்ட். அதையும் சுருக்கினா, ஒழுங்காத் தெறக்கறதுக்குள்ள மூட வேண்டியதாயிரும். ஒரு தடவை ஊத்தற அளவு இன்னொரு தடவை ஊத்தாது.

தம்பி: லாம்ப்டா சென்சார் தானாக் கத்துக்கிட்டுச் சரி பண்ணிக்கும்னு சொன்னாங்களே?

அண்ணன்: கத்துக்கும், 20, 25 சதவீதம் வரைக்கும். நீங்க வெச்சிருக்கறது நூறு சதவீத வித்தியாசம். கை விரிச்சுட்டு, செக் இன்ஜின் விளக்கைப் போட்டிருக்குமே?

தம்பி: ராத்திரியில கண்ணு கூசுதுன்னு அது மேல கறுப்பு டேப் ஒட்டிட்டனுங்க.

அண்ணன்: ...ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க.

தம்பி: பெட்ரோல் வாசமுங்ணா! அப்ப அதுவும் ரிசர்வ் மாதிரி ஆச்சுங்களா?

அண்ணன்: எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவிட்டுக் கீழ இறங்கிருக்குதுங்க. இதே மாதிரி ஓட்டுனீங்கன்னா ரிங்கும் பேரிங்கும் பதில் சொல்லும்.

தம்பி: பக்கத்துத் தெரு மெக்கானிக் அரை மணி நேரத்துல முடிச்சுத் தரேன்னாருங்க. இந்த எண்ணு, அட்டவணை எதுவும் வேண்டாமாம். காத்து மீட்டர் காட்டற கணக்கைப் பாதியாக்கிட்டாப் போதுமாம்.

அண்ணன்: நல்லா வேலை செய்யுமுங்க. காத்து பாதிதான் வருதுன்னு கம்ப்யூட்டர் நம்பிரும். இன்ஜெக்டரைப் பாதி நேரம் தெறக்கும். இன்ஜெக்டர் ரெண்டு மடங்கு, கணக்கு நேராயிரும். புகை அடங்கும்.

தம்பி: பாருங்ணா! அவருதான் கில்லாடி.

அண்ணன்: ஆனா பெட்ரோலுக்கு மட்டும்தான் அந்தக் கணக்குன்னு நெனச்சுட்டாரு. ஸ்பார்க் எப்பக் குடுக்கணும்ங்கறதையும் கம்ப்யூட்டர் அதே காத்துக் கணக்கை வெச்சுத்தான் முடிவு பண்ணுது. காத்து கம்மின்னா சுமை கம்மி, ஸ்பார்க்கை முன்கூட்டியே குடுக்கலாம்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கறாங்க. நீங்க எல் அண்டு டி பைபாஸ்ல ஆக்ஸிலேட்டரைத் தரையோட மிதிக்கறீங்க. சிலிண்டர்ல காத்து முட்ட முட்ட இருக்குது. கம்ப்யூட்டரோ, தம்பி சாவகாசமாக் கோயிலுக்குப் போறாருன்னு நெனச்சு ஸ்பார்க்கை முன்னாடியே தட்டி விட்டுரும். நாக்கிங் வரும். நாக் சென்சார் ஓரளவுக்கு இழுத்துப் பிடிக்கும். அதுக்கு மேல பிஸ்டன்தான் உருகோணும்.

தம்பி: ஒரு சின்னப் பொய்யிதானுங்ணா சொன்னோம்.

அண்ணன்: அது நம்புதுங்க, அதான் பிரச்சனை. மனுசனா இருந்தா சந்தேகப்பட்டிருப்பான்.

தம்பி: அப்ப என்னதாங்ணா பண்றது?

அண்ணன்: 150 குதிரைக்குப் பழைய இன்ஜெக்டரே தாராளம். 6000 ஆர்.பி.எம்.ல ஒரு சைக்கிளுக்கு 20 மில்லிசெகண்ட் கிடைக்குது, அதுல 17 வரைக்கும் தெறந்து வெச்சாலும் தப்பில்லை. உங்க வண்டி அந்த எல்லைக்கே போகாது. பெரிய டர்போ போடற அன்னைக்கு, அளந்து பார்த்த கணக்கோட பெரிய இன்ஜெக்டர் வாங்கலாம். இப்ப ஆயிலை மாத்திட்டு, பழசையே மாட்டிக்குவோம். எங்க வெச்சிருக்கறீங்க?

தம்பி: வித்துட்டனுங்க.

அண்ணன்: யாருக்கு?

தம்பி: அதே வண்டி வெச்சிருக்கற ஒரு ஃப்ரெண்டுக்குங்க. அவன் இன்ஜெக்டர்ல ஏதோ அடைப்பாமா. பாவம், பிழைக்கத் தெரியாதவன். இன்னும் 150 குதிரையிலதான் ஓட்டிட்டிருக்கறான்.

அண்ணன்: வண்டி எப்படி ஓடுதாம்?

தம்பி: என்னைய இங்க கொண்டாந்து விட்டதே அவன்தானுங்ணா. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான்.