துண்டு விழுந்தால் ஆளும் விழுவார்

கேள்வி: பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று, பனிக்காலத்தில் கிராமச் சாலைகளுக்கு உப்புப் போடுவதை இங்கிலாந்து கவுன்சில்கள் குறைக்கலாமா?

பதில்: கணக்கில் துண்டு, சாலையில் ஆள் விழுகிறார்! 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தில் 2003-ல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: பனியால் ஆபத்து வராமல் 'நியாயமாக முடிந்தவரை' பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 'முடிந்தவரை'க்குள் உப்பு லாரியே புகுந்து திரும்பலாம். லாரி முக்கியச் சாலைகளோடு சரி. கிராமத்து வளைவில் மஞ்சள் தொட்டி நிற்கும். உள்ளே ரசத்துக்கு ஆகாத பழுப்புக் கல்லுப்பு. மண்வெட்டி நம்முடையது, இடுப்பும் நம்முடையது. இன்னொரு கூத்து: டயர்கள் ஏறி நசுக்கினால்தான் உப்பு நன்றாக வேலை செய்யும். வண்டி போகாத சாலையில் அதுவும் சோம்பேறி! ஸ்காட்லாந்தில் ஓர் உப்பு லாரிக்கு 'கிரிட்னி ஸ்பியர்ஸ்' என்று பெயர். பெயர் வைக்க நிதி ஒதுக்க வேண்டாமே.