ஜலசீதளத் திட்டக்காரர்

ஊருக்கு ஒரு திட்டக்காரர் இருப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் சம்பிரதாயம். ஒரு காலத்தில் அவர், கிணற்றை இன்னும் எத்தனை கஜம் தோண்டினால் ஊற்றுக்கண் திறக்கும் என்று திண்ணையில் அமர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தலைமுறையில், கட்டப்போகும் மச்சு வீட்டின் வரைபடத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மாடிப்படி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்விரு அவதாரங்களும் முடிந்து, பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவர் இப்போது எடுத்திருக்கும் மூன்றாவது அவதாரந்தான், மேஜைக் கணினிக்குள் குழாய் போட்டுத் தண்ணீர் ஓடவிட்டு அதன் உஷ்ணத்தைத் தணிப்பதற்குத் தாமே ஒரு மார்க்கம் வகுத்துக்கொண்டிருக்கும் ஜலசீதளத் திட்டக்காரர். அவருடைய பாஷையில் அதற்குக் 'கஸ்டம் லூப்' என்று பெயர்.

அவரைக் கண்டுகொள்வதற்கு அதிகம் பிரயாசைப்பட வேண்டியதில்லை. முப்பது வயதை ஒட்டியிருப்பார், பொறியியல் படித்திருப்பார், வீட்டில் இருந்தபடியே ஏதோ ஒரு தூரதேசத்துக் கம்பெனிக்கு வேலை செய்வதாகச் சொல்வார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெர்னியர் காலிப்பர் தலை நீட்டிக்கொண்டிருக்கும். டீக்கடை அடுப்புக்குப் போகும் காஸ் குழாயானாலும் சரி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மாமாவின் கைக்கு மருந்து இறங்கும் குழாயானாலும் சரி, அதை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, உள் விட்டம் இவ்வளவு, வெளி விட்டம் இவ்வளவு என்று வாய்க்குள் முணுமுணுத்த பிறகே நோயாளியின் க்ஷேமத்தை விசாரிப்பார்.

அவருடைய வித்தையின் தத்துவம் பொய்யன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பிராசஸர் கடுமையாக உழைக்கும்போது அதன் சூடு 90 டிகிரியைத் தாண்டும். 100-ஐ நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே கன அளவுள்ள காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தை ஏந்திச் செல்லும் ஆதலால், பிராசஸரின் தலைமேல் ஒரு செப்புக் கட்டியைப் பொருத்தி, அதன் வயிற்றிலுள்ள மயிரிழை போன்ற வாய்க்கால்களின் ஊடே தண்ணீரைச் செலுத்தி, சூடேறிய அத்தண்ணீரை ஒரு ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் விசிறியால் ஆற்றி, மீண்டும் பம்பின் மூலம் அனுப்பினால், இயந்திரம் சத்தமின்றிச் சுகமாக வேலை செய்யும். இதை அவர் ஒரு மணி நேரம் விஸ்தரித்துச் சொல்வார், அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியின் மெக்கானிக் ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம வண்டி ரேடியேட்டர்தானே தம்பி?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்று முதல் அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் நம்மவர் போவதில்லை.

அவருடைய திட்டம் ஒரு நீளமான கணக்கு நோட்டில் இருக்கிறது. முதற்பக்கத்தில் அது அடக்கமாகத்தான் ஆரம்பித்தது: பிராசஸருக்கு மட்டும் குளிர்ச்சி, அதற்கு 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று. ஆனால் பிராசஸரைவிட அதிகமாக எரிவது கிராபிக்ஸ் கார்டு. அதை வெயிலில் விட்டுவிட்டு இதற்கு மட்டும் ஸ்நானம் செய்விப்பது தர்மமாகாது. ஆகவே இன்னொரு ரேடியேட்டர், 360. இரண்டு ரேடியேட்டர்களுக்கும் இடங்கொடுக்கும் கேபினெட் வேறு. அந்தக் கேபினெட்டைத் தாங்கும் மேஜை வேறு. அந்த மேஜை ஜன்னலோரம்தான் போட முடியும், அங்கேயோ பீரோ நிற்கிறது. பீரோவை நகர்த்துவதானால் பக்கத்துச் சுவரில் ஓரடி இடித்தாக வேண்டும். இவ்வாறாக, விரலளவு சில்லு ஒன்றைக் குளிர்விக்கப் புறப்பட்ட திட்டம் நாற்பதாம் பக்கத்தில் கொத்தனார் கூலியில் வந்து நிற்கிறது.

அதற்குள் உலகம் சும்மாயிருப்பதில்லை. இன்டெல் கம்பெனியார் பல்லாண்டுகளாக 75 மில்லிமீட்டராக வைத்திருந்த திருகுத் துளைகளின் இடைவெளியை 2021-இல் புதிய சாக்கெட்டில் 78 மில்லிமீட்டராக்கினார்கள். அந்த மூன்று மில்லிமீட்டர் நம்மவருடைய நோட்டில் பதினோரு பக்கங்களை அடித்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டின் விஷயமோ இதனினும் பரிதாபம். ஒவ்வொரு கார்டுக்கும் அதன் உடலமைப்புக்கேற்ற தனித் தண்ணீர்க் கட்டி வேண்டும். அந்தக் கட்டி கடைக்கு வரும்வரை காத்திருந்தால், அது வரும் சமயத்தில் அடுத்த கார்டு வரப்போகிறதென்ற செய்தியும் கூடவே வருகிறது. திட்டத்தை இப்படித் திருத்திக்கொண்டே இருக்கலாமா என்று யாரேனும் ஆட்சேபித்தால் அவரிடம் பதில் ஆயத்தமாக இருக்கிறது: அரியலூர் மாவட்டமே 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் மறுபடியும் சேர்ந்து, 2007-இல் மீண்டும் பிரிந்ததல்லவா? சர்க்கார் ஒரு மாவட்டத்தைக் கழற்றி மாட்டலாம், தாம் ஒரு கேபினெட்டைக் கழற்றி மாட்டக்கூடாதா என்பது அவர் கட்சி.

தண்ணீர் என்ற அத்தியாயத்திற்கு வரும்போதுதான் அவருடைய பாண்டித்தியம் பூரணமாகப் பிரகாசிக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரதேசம் கடலுக்கடியில் கிடந்தது; அக்காலத்துச் சங்குருவான அம்மோனைட்டுகள் காரையின் செம்மண் ஓடைகளில் இன்றும் கிடைக்கின்றன; சாத்தனூரில் ஒரு பெருமரமே கல்லாய்க் கிடக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை அரைத்துத்தான் அரியலூரின் சிமெண்டு ஆலைகள் நாட்டுக்கே வீடு கட்டிக்கொடுக்கின்றன. பிறர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்; நம்மவர் பெருமூச்சுடன் சொல்வார். ஏனெனில் அந்தச் சுண்ணாம்பு கிணற்று நீரிலும் கரைந்திருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படியும் அது, செப்புக் கட்டியின் மயிரிழை வாய்க்கால்களில் படிந்தால் காரியம் கெட்டுவிடும். ஆகையால் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். அது இங்கே கிடைக்குமிடம் பேட்டரிக் கடை.

கடைக்காரர் ஐந்து லிட்டர் கேனை எடுத்து வைத்துக்கொண்டே, "இன்வெர்ட்டருக்கா சார்?" என்றார்.

"இல்லைங்க, கம்ப்யூட்டருக்கு."

கடைக்காரர் கேனைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல பேட்டரித் தண்ணி ஊத்துற எடம் எதுங்க?"

நம்மவர் காலிப்பரை வெளியே எடுத்தார். இன்வெர்ட்டருக்கு வந்த இரண்டு வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். முடிவில் கேன் வாங்கப்பட்டது. அது சீல் உடைக்கப்படாமல் அவருடைய கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. நீரைத் தேக்கி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு அவர் ராஜேந்திர சோழனையே சாட்சிக்கு அழைப்பார். கங்கை வரை படையனுப்பி வென்ற அம்மன்னன் கங்கைகொண்ட சோழபுரத்தருகே வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியை, நீரால் நாட்டிய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய ரிசர்வாயரில் பாசி பிடிக்காமலிருக்கச் சோழன் என்ன மருந்து கலந்தான் என்று செப்பேடு சொல்லவில்லையே என்பதுதான் நம்மவருடைய மனக்குறை.

உலோகங்களைப் பற்றிய அவருடைய ஆசாரமோ மிகக் கடுமையானது. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் சேர்ந்தால் மின்வேதியியல் விளைவால் அலுமினியம் அரித்துப்போகும் என்பது மெய்யான சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்தை அவர் கேபினெட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஜயங்கொண்டத்தில் உறவினர் கல்யாணத்துக்குப் போனவர், சமையற்கட்டில் செப்புத் தவலையும் அலுமினிய அன்னக்கூடையும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கக் கண்டு, தலைமைச் சமையற்காரரை அழைத்து உபதேசம் தொடங்கினார். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே, "சாம்பாருக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, பந்தி உக்காந்தாச்சு, செத்த நகருங்க" என்றார். பந்தி முடியுமட்டும் நம்மவர் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை.

வீட்டில் அவருக்கு வாய்த்திருக்கும் ஒரே பிரதிவாதி அவருடைய தகப்பனார். அவர் செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுபவர். விலை ஏறும்வரை வெங்காயத்தைக் காப்பாற்ற அப்பகுதியார் போடும் பட்டறையை நேரில் பார்த்தவர்கள் அதன் யுக்தியை வியப்பார்கள்: தரையில் படாமல் கல் வைத்து உயர்த்தி, அடியிலும் பக்கங்களிலும் காற்றுப் புகுந்து புறப்பட இடம் விட்டு, அகலத்தை அதிகமாக்காமல் நீளவாட்டில் கட்டி, மேலே ஓலையோ தோகையோ வேய்ந்துவிடுவார்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து அழுகும் வெங்காயம், அதற்குள் மாதக்கணக்கில் கெடாமலிருக்கும். மகனுடைய நோட்டை ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் புரட்டிப் பார்த்த பெரியவர், "ஏன்டா தம்பி, வெங்காயம் சூடேறாம இருக்க நாங்க என்ன தண்ணியா ஊத்துறோம்? காத்து வர ஒரு வழி, போக ஒரு வழி. அம்புட்டுத்தான்டா" என்றார்.

மகன் அசரவில்லை. 1985-இல் வெளிவந்த கிரே-2 என்னும் மகா கணினியின் உறுப்புகள் அத்தனையும் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்கிக் கிடந்தன என்றும், 2004-இல் ஆப்பிள் கம்பெனி தன் பவர் மேக் ஜி5-க்குத் திரவக் குளிர்ச்சி வைத்தே விற்றது என்றும் எடுத்துரைத்தார். பின்னதில் சில இயந்திரங்கள் நாளடைவில் கசிந்த விருத்தாந்தத்தை மாத்திரம் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார். பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கசிவு என்ற சொல் அவர் மனத்தை உறுத்துவது உண்மை. அதற்காகவே லூப் முழுவதையும் பூட்டிய பின், வேறெதற்கும் மின்சாரம் கொடாமல் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் டிஷ்யூ காகிதம் விரித்து ஈரம் படிகிறதா என்று காவல் காக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார். இந்த 24 மணி நேரத்தைக் குறிப்பதற்காக, மாதாந்திரப் பராமரிப்புக்கென மின்சாரம் நிறுத்தப்படும் இடங்களைப் பத்திரிகைகள் வெளியிடும் பெட்டிச் செய்தியை அவர் தினமும் சிரத்தையாகப் படித்துக் கத்தரித்து ஒட்டி வைக்கிறார். பம்பே இன்னும் வாங்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இத்தனை கேள்விகளுக்கும் பதில் வைத்திருப்பவர், ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ரேடியேட்டரில் ஆறும் தண்ணீர், அந்த அறையிலுள்ள காற்றைவிட ஒருபோதும் அதிகமாகக் குளிராது. அது இயற்கை வகுத்த எல்லை. அக்கினி நட்சத்திரத்தில் பெரம்பலூரின் காற்றே 40 டிகிரி. எத்தனை ரேடியேட்டர் வைத்தாலும் குழாயில் ஓடும் நீர் அதற்கு மேல்தான் இருக்கும். அறைக்கு ஏ.சி. போட்டால் தீரும்; ஏ.சி. போட்ட அறையிலோ சாதாரண விசிறியே போதும், தண்ணீர் வேண்டியதில்லை. இந்தத் தர்க்கத்தின் இரண்டாம் படிக்கு யாரேனும் வந்துவிட்டால், நம்மவர் மழை எப்போது வருமென்று விசாரிக்கத் தொடங்குவார்.

இவ்வளவும் கேட்டபின், அவருடைய சொந்தக் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்றறிய வாசகர்களுக்கு ஆவல் உண்டாகலாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி வாரத்தில் திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும். நம்மவருடைய கேபினெட் எல்லா நாளும் திறந்தே இருக்கும். பக்கத் தகடு கழற்றிச் சுவரில் சாய்க்கப்பட்டிருக்க, அம்மாவுடைய மேஜை விசிறி அதற்கு நேராக இரவும் பகலும் சுழன்றுகொண்டிருக்கிறது. காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி.

ஆனால் அவரைப் பிரயோஜனமற்றவர் என்று தீர்மானித்துவிட்டால் அது அபசாரமாகும். லாரிப் புழுதியும் சிமெண்டுத் தூசியும் அடைத்து மூச்சு முட்டும் கணினிகள் இரண்டு ஊரிலும் ஏராளம். அவற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அவர் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அவர் விசிறியின் இதழை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியை ஒதுக்கி, ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்தெடுத்துப் பட்டாணியளவு புதிதாக வைத்து, அரை மணி நேரத்தில் ஓசையடங்கிய இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறார், கூலி வாங்குவதில்லை. வெப்பம் எங்கே பிறக்கிறது, எவ்வழியே போகிறது, எங்கே தங்குகிறது என்பதை அந்த நாற்பது பக்கங்களில் அடித்துத் திருத்திப் பழகியவருக்கு, பிறருடைய கணினியின் நோய் பார்த்த மாத்திரத்தில் புலப்பட்டுவிடுகிறது. நிறைவேறாத திட்டம் ஒன்று ஊருக்கு இவ்வளவு உபகாரம் செய்வது அபூர்வம்.

ஆதலால், உங்கள் தெருவில் இத்தகைய ஒருவர் இருந்தால், கணினி வாங்கப் போகுமுன் அவரைக் கலந்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் செலவாகும், யோசனை சரியாயிருக்கும். ஆறு மாதத்துக்கொரு முறை தூசி தட்டி, இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை பேஸ்ட் மாற்றி, பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும் என்பதே அவர் எல்லோருக்கும் சொல்லும் உபதேசம். தண்ணீர் உங்களுக்கு வேண்டியதில்லை என்று அவரே சொல்லிவிடுவார். அது அவருடைய கணினிக்கு மட்டும்.