சிக்னல் வைத்தியர்

லண்டனிலோ பெர்லினிலோ நியூயார்க்கிலோ, நள்ளிரவு தாண்டியும் ஜனங்கள் ஆடிக்கொண்டிருக்கிற நடன விடுதிகளுக்குள் பிரவேசித்தால், டீஜேக்கு ஒன்றரை அடி பின்னால், காலைக்கூட அசைக்காமல், டர்ன்டேபிள்களின் பின்பக்கத்து ஒயர்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆசாமியைப் பெரும்பாலும் காணலாம். அவர் டீஜே அல்ல, விடுதிச் சிப்பந்தியுமல்ல, யாரும் அவரை வரச்சொன்னதாகவும் தெரியவில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கிளம்பிய மாத்திரத்தில் அவர் முகத்தில் பரவுகிற தேஜஸை, அன்று இரவு ஒலித்த எந்தப் பாட்டும் உண்டாக்கியதில்லை.

அவருடைய சாஸ்திரம் லேசானதல்ல என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். முன்னாளில் பாட்டு இசைத்தட்டில் இருந்தது. 2004-இல் வந்த செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் போன்ற சாதனங்களால் பாட்டு லேப்டாப்புக்குள் போய்விட்டது. தட்டிலோ விநாடிக்கு 1000 அலை வீதம் ஒரே கீச்சொலிதான் பொறித்திருக்கிறது. இடது, வலது சானல்களில் அந்தக் கீச்சொலி கால் சுற்று முன்பின்னாக வருவதால், எது முந்துகிறது என்பதைக் கொண்டே, தட்டு நேராகச் சுழல்கிறதா, பின்னோக்கி இழுக்கப்படுகிறதா என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்கிறது. திரையில் அது வட்டமாகத் தெரியும். வட்டம் நசுங்கினால் ஒரு சானலுக்குப் பலவீனம். வெறும் கோடானால் ஒரு சானல் போயே போய்விட்டது. ஒயர் இரண்டும் இடம் மாறினால் பாட்டு பின்னோக்கி ஓடும். நாடி பிடிக்கிற வைத்தியரைப் போல நம்மவர் கண்களை அரைவாசி மூடி அந்த வட்டத்தைப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கொஞ்சம் பயம் தட்டத்தான் செய்கிறது.

ஒரு நாள் டீஜேயாயிருந்த ஓர் இளைஞனுடைய இடது டர்ன்டேபிளில், அதாவது டெக்கில், வட்டம் சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. வைத்தியர் முன்னே வந்தார். கிரவுண்ட் ஒயரின் திருகை இறுக்கினார். டோன்ஆர்மிலிருந்து ஊசியைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள நான்கு சிறு முனைகளையும், அவர் குலத்தில் பரம்பரையாக அனுஷ்டிக்கப்படும் ஆசாரப்படி, நாக்கால் நக்கினார். அதிலும் திருப்தி உண்டாகாமல் சட்டைப் பையிலிருந்து ரப்பர் வைத்த பென்சிலை எடுத்துத் தேய்த்தார். ஊசியில் ஒட்டியிருந்த தூசியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். இடையே, 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வைப் போல ஒரு டெக் பிறகு பிறக்கவில்லை என்று ஒரு சிறு உபந்நியாசமும் நடந்தது.

இளைஞனோ அதற்குள் 'இன்டர்னல்' பொத்தானை அமுக்கிவிட்டு, தட்டின் தயவே இல்லாமல் பாட்டை ஓடவிட்டிருந்தான். ஜனங்கள் ஆட்டத்தை நிறுத்தவேயில்லை. வைத்தியருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை வேண்டியதில்லை. வியாதி இன்னதென்று தெரியுமுன்பே நோயாளி எழுந்து நடமாடுவதை எந்தச் சாஸ்திரம் சம்மதிக்கும்?

பிறகு அவனே குனிந்து, யாரோ 'லைன்' பக்கம் தள்ளியிருந்த சுவிட்சை 'போனோ' பக்கம் தள்ளினான். ஊசி தருவது சில மில்லிவோல்ட்டே ஆகையால், போனோ வழியில் அதைப் பெருக்கினாலொழிய வட்டம் தோன்றாது. இப்போது தோன்றியது, பூரணமாக.

"சுவிட்சைக் கடைசியில்தான் பார்ப்பது முறை" என்றார் வைத்தியர், சற்றும் கலங்காமல். "முதலிலேயே பார்த்திருந்தால் இந்தத் தூசி அகப்பட்டிருக்குமா?"

இளைஞன் சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டு அடுத்த பாட்டைத் தேடலானான். அவர் அந்தப் பிழையற்ற வட்டத்தைச் சற்று நேரம் அதிருப்தியுடன் பார்த்தார், பின்பு, ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வலது டெக்கின் பக்கம் மெல்ல நகர்ந்து, "நண்பா, இந்தப் பக்கத்து வட்டம் ஓரத்தில் லேசாக நசுங்குகிற மாதிரி இல்லை?" என்று கேட்டார், ஹெட்ஷெல்மீது ஏற்கெனவே கையை வைத்துக்கொண்டு.