கட்டுத்தரைக்கு வந்து பாரு, சாமி

தம்பி, குத்துச்சண்டைக்காரன்கிட்ட என்ன கேக்கோணும்? குத்தைப் பத்திக் கேக்கோணும். ஆனா 2016 பிப்ரவரியில பிலிப்பைன்ஸ்காரன் மேனி பாக்கியாவ்கிட்ட, ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம் கட்டிக்கறதப் பத்தி டிவியில கேட்டாங்க. கேட்டவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். மனுசன் அப்ப செனட் தேர்தல்ல நின்னுட்டிருந்தான். நாளைக்குச் சட்டம் போடப் போறவன். கேக்காம விட முடியுமா?

பதில் சொன்னான் பாரு! இதெல்லாம் சாதாரண புத்திக்கே எட்டற சங்கதியாமா. மிருகத்துல எங்கயாச்சும் ஆணும் ஆணும் சேந்து பாத்திருக்கீங்களான்னான். அதுக்கே ஆணு பொண்ணு வித்தியாசம் தெரியுது, அப்படிச் சேர்ற மனுசங்க மிருகத்தைவிடக் கேவலம்னு ஒரே போடாப் போட்டுட்டான்.

ஆளு லேசுப்பட்டவன் இல்ல கண்ணு. தெருவுல ரொட்டி வித்த பையன். 14 வயசுல ஊட்டை விட்டு ஓடிப்போய் மணிலாவுக்குக் கப்பலேறுனவன். 8 எடைப் பிரிவுல உலகப் பட்டம் வாங்குனவன், அப்படி இன்னொருத்தன் கிடையாது. எதிராளி தோளு அசையறதுக்குள்ள அடி எந்தப் பக்கம் வருதுன்னு புடிச்சுருவான். சண்டைச் சாவல் வளக்கறதுலயும் பெரிய பிரியம். அத்தனை கூர்மையான கண்ணு, ஒரு நாளாச்சும் மாட்டுக் கட்டுத்தரையில நின்னிருக்க வேண்டாமா?

உன்ற ஆத்தாகிட்டக் கேளு. மாடு பருவத்துக்கு வந்திருச்சுன்னு அவ எப்படிக் கண்டுபுடிக்கறா? காலண்டர் பாத்தா? காலையில அவுத்து விட்டதும் ஒரு பசு மேல இன்னொரு பசு ஏறும். கீழ அசையாம நிக்குது பாரு, அதுதான் வந்தது. உடனே சினை ஊசி போடற ஆளுக்குப் போனப் போடுவா. பொண்ணு மேல பொண்ணு ஏறுதேன்னு அவ என்னிக்காச்சும் வாயில கைய வச்சிருக்காளா? பால் கணக்குத்தான் அவளுக்கு வெசனம். கிடாய்லயும் உண்டு. அமெரிக்காவுல படிச்சவங்க வருசக்கணக்கா ஆட்டுப் பட்டியில உக்காந்து ஆராய்ச்சி பண்ணி, நூத்துக்கு 8 கிடாய் பெட்டைய ஏறெடுத்தும் பாக்காம கிடாய் பின்னாலயே போவுதுன்னு எழுதுனாங்க. ஆடு மேய்க்கறவன் சும்மா சொல்லியிருப்பான். அவனை யாரு கேட்டா?

இன்னொன்னு. மிருகத்தைப் பாத்துத்தான் மனுசன் ஒழுக்கம் படிக்கோணும்னா, பூனை குட்டியத் தின்னுபோடும். அதையும் படிக்கலாமா? ரெண்டு பேரு ஒட்டுக்கா ஒரு ஊட்டுல குடியிருந்தா உன்ற தோட்டத்துக் கெணத்துல தண்ணி கொறையுதா? இதுக்கு எதுக்கு ஆட்டையும் மாட்டையும் சாட்சிக்கு இழுக்கறது?

அப்பறம் வேதம். 2012லயே ஒரு பத்திரிகைக்காரன், ஆணும் ஆணும் சேரக் கூடாதுங்கற பைபிள் லேவியராகமத்து வசனத்தை இவன் சொன்னதாட்ட எழுதிப்போட, கூச்சல் எந்திரிச்சுது. நான் அதைச் சொல்லவே இல்ல, அந்த ஆகமத்தை இன்னும் படிக்கக்கூட இல்லைன்னான். சரி, நேர்மையான பதில். 2016ல என்ன பண்ணுனான்? மிருகத்தோட ஒப்பிட்டதுக்கு மன்னிச்சுக்குங்கன்னுட்டு, பொறவு அதே ஆகமத்து வசனத்தை இன்ஸ்டாகிராம்ல போட்டான். சத்தம் வந்ததும் எடுத்துட்டான். நாலு வருசத்துல அந்த இடம் வரைக்கும் படிச்சுட்டான் போல! ஆனா அதே ஆகமத்துல, இந்த வசனத்துக்கு முன்னாலயே, பன்னிக்கறி ஆகாதுன்னு இருக்குது. அந்த நாட்டுல முழுப் பன்னியச் சுட்டு வைக்காத நோம்பி உண்டா? அந்தப் பக்கத்தை மட்டும் எல்லாரும் சேத்துப் புரட்டிட்டாங்களாக்கும்.

இனி இக்கட்டால வா. ஷூ விக்கற நைக்கி கம்பெனி, பேச்சு அருவருப்பா இருக்குதுன்னு அவனைக் கையோட கழட்டி உட்டுச்சு. நல்லதுதான். ஆனா அந்தக் கம்பெனியத் தெய்வமாக்கி நீங்க போட்ட ஆட்டம் இருக்குதே! 1998ல அதோட முதலாளியே, எங்க சரக்குன்னாலே சனத்துக்கு அடிமைக்கூலிதான் ஞாபகம் வருதுன்னு மேடையில ஒத்துக்கிட்டவரு. வெள்ளாமை எங்க கெட்டுதோ அங்கதான் கம்பெனிக்கு ஒழுக்கம் மொளைக்கும். போவுது, அவன் அதுக்கா அழுதான்? ஏப்ரல்ல லாஸ் வேகாஸ் போய் பிராட்லியக் குத்துச்சண்டையில அடிச்சு சம்பாரிச்சுட்டு வந்தான்.

அந்தச் சத்தத்துல எனக்குப் புடிச்ச பேச்சு ஒருத்தரோடதுதான். வைஸ் காண்டான்னு அந்த நாட்டுல பேர் போன நகைச்சுவைக்காரர். அவரும் இவன் திட்டுன கூட்டத்துல ஒருத்தர்தான். செனட்டுக்கு வேண்டியது சட்டம் தெரிஞ்ச ஆளு, கண்ணு தெரியாத தீர்க்கதரிசி இல்லைன்னாரு. ஷூவைப் பத்தியா பேசுனாரு? நாக்காலியப் பத்திப் பேசுனாரு. அப்பவே கீழ்ச்சபையில உறுப்பினரா இருந்த இவனுக்கு, சபைக்குச் சரியா வராதவன்னு ஏற்கனவே பேரு. அதை ஒருத்தன் கேட்டான்னா, ஒம்பது பேரு ஷூவுக்குக் கொடி புடிச்சுட்டு இருந்தீங்க.

மே மாசம் ஓட்டு. ஒரு கோடியே 60 லட்சம் பேரு இவனுக்குப் போட்டாங்க. 12 இடத்துல ஏழாவதா செயிச்சு மேல்சபைக்குப் போயிட்டான். கூத்தப் பாரு, அதே தேர்தல்ல பத்தான் மாகாணத்துச் சனம் ஜெரால்டின் ரோமன்ங்கற திருநங்கையக் கீழ்ச்சபைக்கு அனுப்பிச்சுது. அந்த நாட்டுல அப்படிச் செயிச்ச முதல் ஆளு அவங்கதான். அந்தம்மாவும் இன்னும் பல பேரும் மல்லுக்கட்டி, இவங்களாட்ட சனத்தை வேலையில, பள்ளிக்கூடத்துல ஒதுக்கக் கூடாதுன்னு ஒரு மசோதாவத் தூக்கி நிறுத்துனாங்க. பல வருசமாத் தூங்கிக்கிடந்த மசோதா. 2017 செப்டம்பர்ல கீழ்ச்சபையில 198 பேரு சரின்னாங்க. வேண்டாம்னு ஒருத்தர்கூட இல்ல.

அப்பறம் அது மேல்சபைக்குப் போச்சு. அங்க உக்காந்திருந்தது யாரு? நம்ம ஆளுதான். மாட்டேன்னான். கூட இன்னும் ஒருசில பேரு சேந்துக்கிட்டாங்க. ஓட்டெடுப்புக்கே வராம, சபையோட காலம் முடிஞ்சு அது செத்துப்போச்சு.

ஷூ ஒப்பந்தம் போனன்னிக்கு உலகம் பூராக் கை தட்டுச்சே, அந்த மசோதா செத்தன்னிக்கு உன்ற போன்ல என்ன ஓடிட்டு இருந்துச்சு, கண்ணு?