சொட்டும் குழாயின் காவலர்

வாடகை ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது பெரியவர் வீட்டில் எதையும் பழுதுபார்க்கக் கூடாது. சமையலறைக் குழாய் சொட்டுகிறதா, சொட்டட்டும். வாஷர் மாற்ற அவருக்குத் தெரியாதா என்ன? முப்பது வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய கை. ஆனாலும் தொட மாட்டார். ஹவுஸ் ஓனர் வரும் நாளில் அது சொட்டியாக வேண்டும்.

பம்மலிலும் குரோம்பேட்டையிலும் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு.

குளியலறைச் சுவர் ஓதம் கூடம்வரை வந்துவிட்டது. மானத்தை மறைக்க அதன்மேல் காலண்டர் மாட்டிய மனைவிக்குத் திட்டு விழுந்தது. காலண்டர் எதிர்ச்சுவருக்குப் போனது. ஓனருக்கான நாற்காலி ஓதக்கறையைப் பார்த்தபடி போடப்படும். மின்விசிறிக்கு எண்ணெய் விடுவது ஒத்திவைக்கப்படும். பேச்சு கொஞ்சம் நின்றால் போதும், உள்ளேயிருந்து குழாய் பேச ஆரம்பிக்கும். "ராத்திரியெல்லாம் இந்தச் சத்தம்தான் தம்பி. எங்களுக்குப் பழகிடுச்சு" என்பார், பெருந்தன்மையாக.

தம்பி அசைய மாட்டார். "அங்கிள், மார்க்கெட் ரேட்டுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

உடனே நோட்டு வெளியே வரும். 11 வருஷம் என்றால் 132 மாதம். ஒப்பந்தமோ 11 மாதத்துக்கு ஒன்று. ஆக, 11 வருஷத்தில் 12 தடவை ஏற்றம்! இதைக் கண்டுபிடித்ததில் பெரியவருக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. 5,000 ரூபாயில் குடிவந்தவர், ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் கேட்கப்பட்டதை 5 சதவீதத்தில் நிறுத்தியதால் இன்று 8,550 கொடுக்கிறார். கேட்டதைக் கொடுத்திருந்தால் 14,000-ஐத் தாண்டியிருக்கும். இதில் குழாயின் பங்கு எவ்வளவு என்பதை அவர் மட்டுமே அறிவார்.

வருமானம்? பி.எஃப். பென்ஷன் 2,600. சேமிப்பு 12 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டதற்கு 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு 24,600. மாதக் கணக்கில் எல்லாம் சேர்த்து 10,800. மகன் அனுப்புவதைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

அந்த பி.எஃப். பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. ஓய்வுபெற்ற அன்று என்ன தொகையோ, அதுதான் கடைசிவரை. அதன் குறைந்தபட்சத்தை 2014-இல் 1,000 ரூபாய் ஆக்கினார்கள்; அதோடு சரி. வீட்டுக்காரர் 11 மாதத்துக்கு ஒருமுறை விலைவாசியைப் பற்றிப் பேசுகிறார், பென்ஷன் கொடுப்பவர்கள் பேசுவதே இல்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வேறு வீடு பார்க்கலாமே என்றால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, லாரிக்கூலி, அட்வான்ஸ். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. புரோக்கர்கள் அதைப் படித்துவிட்டு, "வயசானவங்க ரெண்டு பேர் மட்டும்தானா சார்?" என்று கேட்கிறார்கள்.

இந்தத் தடவை தம்பி தனியாக வரவில்லை. பிளம்பரையும் பெயின்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கால் மணி நேரத்தில் குழாய் நின்றது, சாயங்காலத்துக்குள் சுவர் வெளுத்தது. வாடகை 9,000 ஆனது.

பெரியவர் இப்போது பின்கட்டுக் கதவைக் கவனித்துவருகிறார். மழையில் நன்றாக உப்பியிருக்கிறது. யாரும் இழைப்புளி வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.